மாடித் தொட்டிச் செடியும் ஆண்டிறுதி வெயிலும்

தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்த நம் குடும்பங்கள் பல. வீட்டுக்குப் பின்னால் வாழையும் முருங்கையும் வைத்து வளர்த்த கைகளுக்கு இன்று பால்கனியில் நாலு தொட்டிதான். அந்த நாலும் சில வீடுகளில் செப்டம்பர் கழிந்ததும் சோர்ந்துபோகின்றன. உரம் போதவில்லை என்று எண்ணி அள்ளிப் போடுகிறோம். குறை உரத்திலன்று, வெயிலில்.

குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் பகற்பொழுதே குறுகிவிடும். நமக்கு அப்படியில்லை. கோலாலம்பூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு அரை மணிக்கும் குறைவு. மாறுவது சூரியன் செல்லும் பாதை. ஜூன் மாதத்து நடுப்பகலில் அது நம் தலைக்கு வடக்கே நிற்கும். செப்டம்பர் நடுவில் உச்சிக்கு வந்து, பிறகு தெற்கே சாயும். மார்ச் இறுதியில்தான் மீண்டும் உச்சிக்குத் திரும்பும். ஆகவே வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஏறத்தாழ ஆறு மாதம் நேர் வெயில் கிடையாது. தெற்குப் பார்த்ததற்கோ அப்போதுதான் வெயில் உள்ளே நுழையும். இதனோடு மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் மழை வேறு. மேற்குப் பார்த்த வீட்டின் மாலை வெயிலையும் மேகம் விழுங்கிவிடும்.

மிளகாய், வெண்டை, கத்தரி போன்ற காய்ப்பவை நாளுக்கு ஆறு மணி வெயில் கேட்கும். வடக்குப் பால்கனியில் இவற்றை அக்டோபரில் விதைப்பது விதைக்குக் கேடு. கீரையும் புதினாவும் மூன்று நான்கு மணி வெயிலில் சமாளிக்கும். பாண்டானும் வெற்றிலையும் நிழலிலும் தழைக்கும். கறிவேப்பிலையை இருப்பதில் வெளிச்சமான மூலைக்கு நகர்த்துவோம். துளிர் குறைந்தால் பறிப்பதையும் குறைப்போம்.

வெயில் குறைந்தால் செடி குடிக்கும் நீரும் குறையும். பழக்கத்தால் இருவேளையும் ஊற்றினால் வேர் அழுகும். மண்ணில் ஓர் அங்குலம் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றலாம். தொட்டித் தட்டில் தேங்கும் நீர் டிங்கிக் கொசுவுக்குத் தொட்டில். வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் ஓரத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். அங்கே ஒட்டிய முட்டை நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது.

வெயிலைத் தேடித் தொட்டியைக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏற்றுகிறவர்கள் உண்டு. கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். நாற்காலி போட்டு உயர்த்துவதும் ஆகாது, வீட்டுக் குழந்தை அதில் ஏறும். உள்சுவருக்கு வெள்ளையடித்தால் வெளிச்சம் கூடும். வெளிச்சம் வரும் பக்கமே செடி சாய்வதால், தொட்டியை வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைப்போம்.