வழியில் வாடும் மரக்கறிகள்

மழை அதிகமானால் மரக்கறி விலை ஏறுகின்றது. எரிபொருள் விலை கூடினாலும் மரக்கறி விலை ஏறுகின்றது. இவ்விரண்டையும் பற்றி எல்லோரும் பேசுகின்றோம். ஆனால் நாம் அதிகம் பேசாத மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையில் பாதையிலேயே பழுதாகிவிடும் மரக்கறியாகும்.

இலங்கையில் அறுவடை செய்யப்படும் பழங்களிலும் மரக்கறிகளிலும் நூற்றுக்கு 30 முதல் 40 வரையான பங்கு நுகர்வோரைச் சென்றடையாமலே அழிந்துபோகின்றது என மதிப்பிடப்படுகின்றது. அதாவது பத்துக் கிலோ விளைவித்து ஆறு அல்லது ஏழு கிலோவைத்தான் உண்கின்றோம். மீதிக்கு இட்ட பசளை, பாய்ச்சிய நீர், எரித்த டீசல், விவசாயியின் உழைப்பு யாவும் அதனுடனேயே வீணாகின்றன. அழுகியவை குப்பைமேட்டைச் சேர்ந்து மெதேன் வாயுவை வெளியிடுகின்றன. காபனீரொக்சைட்டைவிடப் பன்மடங்கு வலிமையாகப் புவியை வெப்பமாக்கும் வாயு அது. ஆகவே உணவுப் போக்குவரத்தைச் சீராக்குவது வியாபாரிகளின் பிரச்சினை மட்டுமல்ல. அது சுற்றாடல் பிரச்சினையும் ஆகும்.

அறுவடைக்குப் பின்னும் உயிர்

பறித்த மரக்கறி இறந்துவிட்டது என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் அது தொடர்ந்து சுவாசிக்கின்றது. ஒட்சிசனை உள்ளெடுத்து, தன்னிடம் சேமித்துள்ள வெல்லத்தை எரித்து, காபனீரொக்சைட்டையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடும்போது இச்சுவாசம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகின்றது.

இதை நம் நாட்டு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள குளிர்ந்த ஊர். அங்கு ஏற்றப்படும் கரட், லீக்ஸ், கோவா என்பன மலையிறங்கி, 2020 இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு இடம்மாறிய மெனிங் சந்தைக்கு வருகின்றன. லொறி கீழே இறங்க இறங்க வெப்பம் கூடுகின்றது. நெருக்கமாக அடுக்கிய சாக்குகளின் நடுவே காற்றோட்டம் இல்லாததால், சுவாசத்தால் உண்டாகும் வெப்பமும் அங்கேயே தேங்கி நிற்கின்றது. இவ்வாறு பல நாட்களில் நிகழவேண்டிய முதுமை ஓரிரவிலேயே பெருமளவு நிகழ்ந்துவிடுகின்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழுக்கும் தக்காளியும் வாழைப்பழமும் எதிலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது பக்கத்திலிருக்கும் கரட்டைக் கசக்கச் செய்யும். இலை மரக்கறிகளை மஞ்சளாக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குளிரூட்டிவிடவும் முடியாது. கரட்டுக்கும் கோவாவுக்கும் பூச்சியத்தை அண்மித்த வெப்பநிலை நல்லது. தக்காளியோ 10 பாகைக்குக் கீழே நாட்கணக்கில் இருந்தால் சுவை கெட்டுவிடும்.

சாக்கா, பெட்டியா?

தொழினுட்பம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது குளிரூட்டப்பட்ட பெரிய லொறிதான். ஆனால் இங்கு முதலில் தேவைப்படும் தொழினுட்பம் துளைகளுள்ள ஒரு சாதாரண பிளாஸ்டிக் பெட்டி. சாக்கை அடுக்கும்போது மேலுள்ள மூட்டைகளின் பாரம் முழுவதையும் அடியிலுள்ள மரக்கறி சுமக்கின்றது. பெட்டியை அடுக்கும்போது பெட்டியின் சுவரே அப்பாரத்தைச் சுமக்கின்றது. துளைகளினூடாகக் காற்றும் போய்வரும். நசுங்கிய இடத்தில்தான் பூஞ்சணம் முதலில் நுழையும் என்பதால், நசுங்காமல் காப்பதே பாதிப் பாதுகாப்பாகும்.

இந்த உண்மை அறியப்படாததல்ல. 2011 ஆம் ஆண்டின் இறுதியில் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் பெட்டிகளிலேயே கொண்டுசெல்ல வேண்டும் என்ற விதி நம் நாட்டில் வந்தது. தம்புள்ளை உட்படப் பல இடங்களில் விவசாயிகளும் வியாபாரிகளும் அதை எதிர்த்தனர். விதி முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. இன்றும் சாக்குகளில் மரக்கறி வருவதைச் சந்தைகளில் காணலாம்.

அவர்கள் அறியாமையால் எதிர்த்தார்கள் என்று சொல்வது எளிது; ஆனால் நியாயமாகாது. பெட்டிகளை அடுக்கினால் ஒரு லொறியில் ஏற்றக்கூடிய அளவு குறைகின்றது. பெட்டியை வாங்கப் பணம் வேண்டும். வெறும் பெட்டிகளை மீண்டும் மலைக்குக் கொண்டுபோகவும் செலவாகும். இச்செலவு விவசாயியின் அல்லது லொறிக்காரரின் தலையில் விழுகின்றது. பழுதாகாத மரக்கறியால் வரும் இலாபமோ பெரும்பாலும் அடுத்தடுத்த கைகளுக்குப் போகின்றது. செலவு ஒருவருக்கு, பயன் இன்னொருவருக்கு என்றால் எந்தத் தொழினுட்பமும் நிலைக்காது.

பாலும் சோடாவும் சொல்லும் பாடம்

பால் மரக்கறியைவிட விரைவில் கெடக்கூடியது. ஆயினும் கிராமத்தில் கறக்கும் பால் பழுதாகாமல் தூரத்துத் தொழிற்சாலையை அடைகின்றது. சேகரிக்கப்படும் பாலைக் குளிரூட்டும் நிலையத்தில் 4 பாகையளவுக்குக் குளிரச் செய்து, நுண்ணங்கிகளின் பெருக்கத்தைத் தடுக்கின்றார்கள். பின்னர் வெப்பம் புகாத சுவர்களைக் கொண்ட பவுசரில் அனுப்புகின்றார்கள். பாலைச் சேகரிப்பதும் பதப்படுத்துவதும் பெரும்பாலும் ஒரே நிறுவனம் என்பதால் செலவும் பயனும் ஒரே கணக்கில் வருகின்றன.

கண்ணாடிப் போத்தல் சோடாவையும் பாருங்கள். கடையில் போத்தலுக்கு வைப்புப் பணம் கொடுக்கின்றோம். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். நிறைந்த போத்தல்களைக் கொண்டுவரும் அதே லொறி வெறும் போத்தல்களை ஏற்றிச் செல்கின்றது. மரக்கறிப் பெட்டிக்கும் இம்முறை பொருந்தும். சந்தையில் ஒரு பொதுப் பெட்டி நிலையம் இருந்து, நிறைந்த பெட்டியைக் கொடுப்பவர் வெறும் பெட்டியைப் பெற்றுச் செல்லலாம். ஒன்றினுள் ஒன்று அடங்கும் பெட்டிகளானால் திரும்பும் பயணத்தில் இடமும் மிச்சம். பெட்டியில் ஒட்டிய இலக்கத்தைக் கைத்தொலைபேசியால் பதிந்து, அது யாரிடம் உள்ளது என்பதையும் அறியலாம்.

குளிரும் தேவை

குளிரூட்டல் வேண்டாம் என்பதல்ல இதன் கருத்து. 2025 ஏப்ரலில் தம்புள்ளையில் இந்திய உதவியுடன் 5,000 தொன் கொள்ளளவுள்ள, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியசாலை திறந்துவைக்கப்பட்டது. விளைச்சல் மிகுந்து விலை வீழும் காலத்தில் இது பேருதவியாகும். ஆயினும் நசுங்கி வந்த தக்காளியை எந்தக் குளிரறையாலும் மீட்க முடியாது. மேலும் குளிரூட்டிகள் டீசலையோ மின்சாரத்தையோ உண்பவை. அவற்றிலிருந்து கசியும் சில வாயுக்கள் காபனீரொக்சைட்டைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பமாக்கும் ஆற்றலுடையவை. அதனால்தான் அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016 இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. ஆகவே அதிகாலைக் குளிரில் அறுவடை, நிழலில் வைத்தல், தரம் பிரித்தல், பெட்டியில் அடுக்கல் என்பன முதலில் வரவேண்டும். இயந்திரக் குளிர் அதன் பின் வரவேண்டும்.

உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் கற்கும் நாம் அறுவடைக்குப் பின்னான இழப்பைப் பரீட்சைக்கான ஓர் அலகாகவே படிக்கின்றோம். நம்மில் சிலர் நாளை விவசாய அதிகாரிகளாகவும் கணக்காளர்களாகவும் வியாபாரக் குடும்பங்களின் தலைவிகளாகவும் வருவோம். அப்போது ஒரு புதிய இயந்திரத்தையோ விதியையோ அறிமுகப்படுத்தும்முன், "இதன் செலவை யார் சுமப்பார்?" என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கட்டும். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தால், மலையில் விளைந்த பத்துக் கிலோவில் ஒன்பது கிலோவாவது நம் அடுப்பங்கரைக்கு வந்து சேரும்.