கதிர் விலகும் நேரத்தில் நண்டு நெபுலா

2024 ஜனவரி 1, காலை 9.10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி58 கிளம்பியது. வானம் தெளிந்திருந்தால் இந்த ராக்கெட்டுகளின் புகைத்தடம் பாலவாக்கம் கடற்கரையில் நிற்பவர்களுக்கும் வடக்கே தெரியும். அன்று மேலே போனது எக்ஸ்போசாட். எக்ஸ் கதிர்களின் தளவிளைவை, அதாவது அந்த அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை, அளப்பதற்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். அது குறிவைத்த பொருள்களில் ஒன்று நண்டு நெபுலாவின் நடுவிலுள்ள பல்சார், அதாவது சுழலும் நியூட்ரான் விண்மீன்.

எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ளன் விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. இதைக் கணக்கிட்டவர் மயிலாப்பூரில் வளர்ந்து, 1930-ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர். அந்த எல்லையைத் தாண்டிய விண்மீன் மையம் நொறுங்கும்போது நியூட்ரான் விண்மீன் பிறக்கலாம். அதன் குறுக்களவு பாலவாக்கத்திலிருந்து கோவளம் வரையிலான தூரம்தான். நிறையோ சூரியனைவிட அதிகம்.

நண்டு பல்சார் 1054-ல் சீனர்கள் குறித்துவைத்த சூப்பர்நோவாவின் மிச்சம். நொடிக்கு 30 முறை சுழல்கிறது; சுழலச் சுழல அதன் கதிர் நம்மைத் தொட்டு விலகுகிறது. பக்கத்தில் துணை விண்மீன் இல்லை. எனவே உறிஞ்சி ஒளிர வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. தன் சுழற்சியைச் செலவழித்தே ஒளிர்கிறது, வேகமும் மெல்லக் குறைந்துவருகிறது.

2015 செப்டம்பர் 28-ல் ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் அஸ்ட்ரோசாட்டில் காட்மியம் ஜிங்க் டெல்லூரைடு படிகங்களாலான ஒரு கருவி இருக்கிறது. படிகத்தின் பரப்பு சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் மோதும் எக்ஸ் கதிர் சிதறி, பக்கத்துக் கட்டத்தில் விழும். எந்தப் பக்கம் அதிகமாகச் சிதறுகிறது என்று எண்ணினால் அதிர்வின் திசை பிடிபடும். ஒன்றரை ஆண்டு நண்டு பல்சாரைக் கவனித்து 2017-ல் வெளியான முடிவு வியப்பானது. கதிர் நம்மைத் தொடும் கணங்களில் அல்ல, அது விலகியிருக்கும் இடைவேளையில்தான் தளவிளைவு மிகவும் மாறியது. பழைய மாதிரிகளுக்கு இது ஒத்துவரவில்லை. இந்தியக் கருவியொன்றின் அருமையான கண்டுபிடிப்பு இது.

மேக்னட்டார்கள் என்னும் நியூட்ரான் விண்மீன்கள் வேறு ரகம். அவற்றில் ஒன்றான 4யு 0142+61 ஒரு சுற்றுக்குச் சுமார் 8.7 நொடி எடுத்துக்கொள்ளும். அதன் எக்ஸ் ஒளிக்கு அந்தச் சுழற்சி போதாது. பூமியினுடையதைவிடக் கோடிக்கோடி மடங்கு வலிய காந்தப்புலம் தேய்வதால் அது ஒளிர்கிறது. 2022-ல் ஐஎக்ஸ்பிஇ தொலைநோக்கி, அதன் குறைந்த ஆற்றல் கதிர்களுக்கும் அதிக ஆற்றல் கதிர்களுக்கும் இடையே அதிர்வின் திசை 90 டிகிரி திரும்பியிருப்பதைக் கண்டது. குறைந்த ஆற்றல் கதிர்கள் வளிமண்டலமே இல்லாத திடப் பரப்பிலிருந்து வரலாம் என்பது ஒரு விளக்கம்.

ஐஎக்ஸ்பிஇ அளப்பது 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. அஸ்ட்ரோசாட் அளந்தது 100-க்கு மேல். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் எக்ஸ்போசாட்டுக்குக் கட்டிய போலிக்ஸ் கருவி 8 முதல் 30 வரை பார்க்கும். ஏவிய அந்த ஜனவரியிலேயே அது நண்டு பல்சாரின் துடிப்பைப் பதிவுசெய்தது.