சனிக்கிழமை சாயந்திரம் ஃப்ரீயா, பிரதர்?

காலேஜ் பையன் என்றாலே பெரிசுகளுக்கு மனசில் ஒரு படம் ஓடும். பஸ் ஃபுட்போர்டில் ஒற்றைக் கால், டீக்கடை பெஞ்ச், பின் பாக்கெட்டில் சீப்பு. ‘உருப்படியா ஏதாவது பண்ணுங்கடா!’ என்று அட்வைஸ் வேறு. சரி, பண்ணலாம். என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க சார் என்று திருப்பிக் கேட்டால், ‘அதான்... இந்த சமூக சேவை...’ என்று இழுத்துவிட்டுப் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொள்வார்கள்.

அந்த ‘அதான்’ என்ன என்று தெரிந்துகொள்ள கடலூர் - சிதம்பரம் பக்கம் ஒரு நடை போய்வந்தால் போதும். 1929-ல் ஆரம்பித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. பக்கத்தில் சி.முட்லூரில் அரசுக் கல்லூரி. கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையை ஒட்டி பெரியார் கலைக் கல்லூரி. இன்னும் பல கல்லூரிகள். ஆள் பலத்துக்குக் குறைச்சலே இல்லை.

வேலைக்கும் குறைச்சல் இல்லை. சுமார் 57 கிலோமீட்டர் கடற்கரை, அதில் வரிசையாக மீனவர் குப்பங்கள். போதாக்குறைக்குத் தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம். மேற்கே எங்கோ அடை மழை பெய்தால், அந்தத் தண்ணீர் கடைசியில் வந்து கணக்குத் தீர்ப்பது இந்த மாவட்டத்தில்தான். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி... மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல்... பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே நாளில் படுத்துவிட்டன. 2015 நவம்பரில் வெள்ளம்... பெரியகாட்டுப்பாளையம், விசூர் மக்கள் அதை இன்னும் மறக்கவில்லை. பதினோரு வருஷத்துக்குள் மூன்று அடி!

மூன்று தடவையும் உதவி செய்ய ஆள் வராமலா போனார்கள்? வந்தார்கள். வந்த பிறகு நடந்ததுதான் விஷயமே!

லாரி லாரியாகப் பழந்துணி

சுனாமி சமயத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரைச் சாலைகளில் போனவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். ரோட்டோரமெல்லாம் குவியல் குவியலாகப் பழைய துணி. நல்ல மனசோடு கொடுத்ததுதான். ஆனால், ‘உழைச்சுச் சாப்பிடற எங்களுக்கு அடுத்தவன் போட்டுக் கழிச்ச சட்டை எதுக்கு?’ என்று மீனவ மக்கள் தொடவே இல்லை. நேற்றுவரை சொந்தப் படகு வைத்திருந்தவர்கள் அவர்கள். வீடு போனால் ரோஷமும் போய்விடுமா என்ன?

வெள்ளச் சமயத்தில் இன்னொரு கூத்து. நிவாரண வேன் மெயின் ரோட்டில் வரும். முதலில் தென்படுகிற ஊரில் நிற்கும். பொட்டலங்கள் அங்கேயே காலி. அடுத்த வேனும் அதே ஊரில்! உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி இடுப்பளவு தண்ணீரில் இருக்கும் காலனிக்கு ஒன்றும் போய்ச் சேராது. வந்தவர்கள் பேரில் தப்பில்லை. அப்படி ஒரு காலனி இருப்பதே வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

யாருக்குத் தெரியும்? போன வருஷம் அங்கே டியூஷன் எடுக்கப் போய்வந்த காலேஜ் பையனுக்குத் தெரியும். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும்... எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆபத்து நாளில் உருப்படியாக உதவ வேண்டுமானால், ஒன்றும் நடக்காத நாளில் அந்த ஊருக்குப் போய்ப் பழகியிருக்க வேண்டும். சேவை என்பதில் முக்கால்வாசி இதுதான்!

சாமியார்பேட்டை ஒத்திகை

சும்மா அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பரங்கிப்பேட்டைக்கு வடக்கே சாமியார்பேட்டை என்றொரு மீனவ கிராமம். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த பேரிடர் பயிற்சி, சுனாமி வருவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. எச்சரிக்கை சொல்ல ஒரு குழு, மீட்க ஒரு குழு, முதலுதவிக்கு ஒரு குழு என்று ஊர் இளைஞர்களைப் பிரித்து ஒத்திகை பார்த்தார்கள்.

ஒத்திகை நடந்த நாட்களில் வேடிக்கை பார்த்தவர்களுக்குச் சிரிப்பாகக்கூட இருந்திருக்கும். கடல் பாட்டுக்கு அமைதியாகக் கிடக்கிறது... இவர்கள் கயிறும் கையுமாக ஓடுகிறார்கள்! அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அலை வந்தபோது யார் எதைச் செய்ய வேண்டும் என்று அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கேயும் உயிர்கள் போயின. ஆனால், பயிற்சி பலரைக் காப்பாற்றியது என்று பிற்பாடு உலகம் முழுக்க அந்தக் கிராமத்தை உதாரணம் காட்டினார்கள்.

‘இதயக்கனி’ காடு

இன்னொரு சாட்சி, பிச்சாவரம். 1975-ல் எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படம் எடுத்த அதே சதுப்புநிலக் காடு. முன்பொரு காலத்தில் அதைப் பட்டை பட்டையாக வெட்டியதில் தரை தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, பல இடங்கள் மொட்டையாகிவிட்டன. தொண்ணூறுகளில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். மீன் முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி, கடல் நீர் ஏறி இறங்க வழி பண்ணிவிட்டுக் கன்று நட்டார்கள். சேற்றில் முழங்கால் புதைய நின்று செய்கிற வேலை. கைதட்ட ஆள் கிடையாது.

சுனாமிக்குப் பிறகு, 2005-ல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கடலோரத்தின் 18 கிராமங்களை ஆராய்ந்து, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று எழுதினார்கள். அதே வருஷம் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வும் கடலூர் மாவட்டத்தைக் காட்டி அதையே சொன்னது. ‘ஊர் மேட்டில் இருந்ததும் கடலிலிருந்து தள்ளி இருந்ததும்தான் பெரிய காரணம்’ என்று வாதாடிய விஞ்ஞானிகளும் உண்டு. அந்தப் பஞ்சாயத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம். அலைக்கும் வீட்டுக்கும் நடுவே மரம் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை!

ஒரே குழி... வருஷா வருஷம் கன்று!

கல்லூரியில் சேவைக்கென்றே நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறதே... அதாங்க, என்.எஸ்.எஸ்.! காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதன் சின்னம் கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம். ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது கொள்கை. ரெண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு.

240 மணி நேரம் சாமானியமா? ஒரு பிள்ளையை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்து, வாய்ப்பாடும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? போன வருஷக் கன்று காய்ந்த அதே குழியில் இந்த வருஷக் கன்று. ஒரு மண்வெட்டி, அதைப் பிடிக்கப் பதினாறு கைகள், பின்னால் பேனர், முன்னால் கேமரா. ‘தண்ணி யாருப்பா ஊத்தறது?’ என்று கேட்டால், அது அடுத்த பேட்ச்! சர்ட்டிஃபிகேட் மட்டும் பச்சைப் பசேலென்று வளர்கிறது.

நல்லபடியாக நடக்கிற முகாம்களும் நிறைய. அவற்றில் பெரும்பாலும் ஒரே கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். ரகசியம் அவ்வளவுதான்.

என்ன வேலை இருக்கு?

*சாயந்திர டியூஷன்:* 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இதற்கு வழி காட்டியது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க, அந்தந்தத் தெருவிலேயே சாயந்திரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் பெண்கள்தான் மெஜாரிட்டி. பையன்களே, நோட் பண்ணிக்கோங்க! அரசுத் திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசினால் இன்றைக்கும் வேலை கிடைக்கும்.

*ஃபாரம் எழுதுவது:* பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்தில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளைகளின் படிப்பும் உதவித்தொகையும் தடைப்படுவது அவர்களுக்குப் பல வருஷத் துயரம். திண்டிவனம் அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி இருளர் மக்களுக்காகச் சங்கம் அமைத்துப் பாடுபட்டவர். அவர் அளவுக்கு வேண்டாம். மனு எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீஸுக்குக் கூடவே ரெண்டு நடை நடந்தாலே பெரிய விஷயம்!

*பரீட்சை எழுதித் தருவது:* பார்வையில்லாத மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் தருவதால் மூன்று மணிப் பரீட்சை நாலு மணி நேரம் ஆகும். எழுதுகிறவர் எதுவரை படித்திருக்கலாம் என்று விதி உண்டு; முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளவும். ‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் போனால், அவருக்கு ஒரு வருஷம் போச்சு. விளையாட்டில்லை.

*ரத்தம்:* வயசு 18-லிருந்து 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவை. அக்டோபர் 1 ரத்ததான தினத்தன்று எல்லோரும் சேர்ந்து கையை நீட்டினால் அந்த ரத்தம் ஐந்தாறு வாரம்தான் தாங்கும். மே மாசம் காலேஜ் லீவு... விபத்துக்கும் பிரசவத்துக்கும் ஏது லீவு? அப்போது போய்க் கொடுங்கள்.

*ஆமைக் காவல்:* தை மாசத்திலிருந்தே முட்டையிட இந்தக் கரைக்கு வருகிறது பங்குனி ஆமை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் அமைப்பொன்று ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. இங்கே செய்ய ஆசையிருந்தால் வனத்துறையிடம் அனுமதி கேட்டுப் போகவும். நீங்களாகத் தொட்டால் கேஸ்!

*ஆபத்துப் பயிற்சி:* 2016-ல் மத்திய அரசு ஆரம்பித்த ‘ஆப்த மித்ரா’ திட்டம் 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு மீட்பு, முதலுதவிப் பயிற்சி தந்தது. இப்போது எங்கே பயிற்சி என்று கலெக்டர் ஆபீஸ் பேரிடர் பிரிவில் விசாரிக்கலாம்.

ஆபீஸ் போகிற அண்ணன்களுக்கு

‘நாங்க காலேஜ் முடிச்சு பத்து வருஷமாச்சே!’ என்று நழுவ வேண்டாம். மாணவர்களிடம் இல்லாத மூன்று சரக்கு உங்களிடம் இருக்கிறது. பேங்க் சலான் நிரப்பத் தெரியும், ஆபீஸில் எந்த மேஜைக்கு ஃபைல் போகும் என்று தெரியும், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்றும் தெரியும். குப்பத்தில் பிளஸ் டூ முடித்த பையனுக்கு அடுத்து என்ன படிப்பது, கல்விக் கடனுக்கு எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை நீங்கள் போதும்.

கடைசியாகச் சில கண்டிஷன்கள். ஊர்ப் பெரியவரிடமோ பள்ளிக்கூடத்திலோ சொல்லிவிட்டு உள்ளே போங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் போட யோசிக்கும் சட்டையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளோடு ஃபோட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். முடியாத நாளில், வரவில்லை என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். ‘அடுத்த வாரமும் வருவீங்களாண்ணா?’ என்று ஒரு பொடியன் கேட்பான். மூன்று சனிக்கிழமை சிலேட்டும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து ஏமாந்தவன், நாலாவது வாரம் வருகிற வேறொரு அண்ணனையும் நம்ப மாட்டான். நீங்கள் மட்டம் போட்டதற்கு, உண்மையாகவே வர நினைக்கிற இன்னொருவர் அபராதம் கட்டுவார்!

வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். போக வர பஸ் சார்ஜ், ஒரு டீ. இதற்கு மேல் செலவில்லை.

‘சனிக்கிழமை சாயந்திரம்தானே சார் சினிமா?’ என்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமையும் அதே படம்தான் ஓடுது, பிரதர்!