புற்றுநோய் இல்லைதான், ஆனாலும்…

கடைவாய்ப் பல்லடியில் மெல்ல வளரும் வீக்கம். வலியில்லாததால் நம் பெண்கள் வருடக்கணக்கில் கவனியாது விடுகின்றனர். பல் உருவாகும் இழையத்திலிருந்து தோன்றும் 'அமெலோபிளாஸ்டோமா' எனும் அரிய கட்டி பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது. பத்தில் எட்டுப் பேருக்கு இது கீழ்த்தாடையில்தான் வருகிறது. பல் ஆடலாம், பற்கள் முன்போல் பொருந்திக் கடிபடாமல் போகலாம். எக்ஸ்றேயில் சவர்க்கார நுரைபோலத் தெரிவதுண்டு. எனினும், சிறு துண்டெடுத்துப் பரிசோதித்தே உறுதிசெய்வார்கள்.

"புற்றுநோய் அல்ல" என்று வைத்தியர் சொன்னதும் வரும் நிம்மதியில்தான் சிக்கல். இக்கட்டி எலும்பின் நுண்ணிய இடைவெளிகளுக்குள் ஊடுருவி நிற்கும். சுரண்டி மட்டும் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மீண்டும் வந்ததை ஆய்வுகள் காட்டுகின்றன. அதனாலேயே சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை சேர்த்து அகற்றுகின்றனர். முகம் கோணிவிடுமே என்ற பயம் நியாயமானதே. காலிலோ இடுப்பிலோ இருந்து எலும்பெடுத்துத் தாடையைச் சீரமைக்க முடியும் என்பதையும் வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

மீண்டும் வருவது பெரும்பாலும் முதல் 5 வருடங்களுக்குள். 10 வருடங்களின் பின் வந்ததும் உண்டு. பிள்ளையின் தடுப்பூசித் திகதியை மறக்காத தாய், தன் திகதியை "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பாள். சகோதரிகளே, சத்திரசிகிச்சை முடிந்தாலும் கிளினிக் கொப்பியை மூடிவைக்காதீர்கள்.