மீனுக்கு மருந்து, இறாலுக்கு நஞ்சு

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் இப்போது அவற்றோடு 'செர்ரி இறால்' எனப்படும் சின்னஞ்சிறு சிவப்பு இறால்களையும் சேர்த்து வளர்க்கின்றனர். ஓர் அங்குல அளவே வளரும் இவ்விறால்கள் பாசியையும், மீன்கள் உண்ணாது விட்ட இரையையும் மேய்ந்து தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கின்றன. எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டியிலும் இவ்விரு இனங்களும் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஆனால் மீனுக்கு நோய் வந்துவிட்டால், அதைக் காக்கும் மருந்தே இறாலைக் கொன்றுவிடக்கூடும். அது ஏன், இரண்டையும் காக்க வழி உண்டா என்பதை இங்கே காண்போம்.

தொட்டி மீன்களுக்கு மிகுதியாக வருவது வெண்புள்ளி நோய். மீனின் உடலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் கல்லிலும் செடியிலும் உடலை உராய்ந்துகொள்ளும், இரை எடுக்காது. இந்நோயைத் தரும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிக்கு ஃபூக்கே என்பவர் 1876-ல் 'இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலீஸ்' என்று பெயரிட்டார். நாவில் எளிதில் நுழையாத பெயர்தான். ஆனால் 'பல பிள்ளைகளை உடைய மீன்பேன்' என்னும் அதன் பொருள் எவ்வளவு பொருத்தம்!

மீனின் தோலுக்கடியில் தின்று கொழுத்த ஒட்டுண்ணி, முதிர்ந்ததும் வெளியேறித் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே தன்னைச் சுற்றி உறை அமைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் நீரில் நீந்தி வேறொரு மீனைத் தேடுகின்றன. ஏறத்தாழ இரண்டு நாள்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை மடிந்துவிடும். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இச்சுழற்சி முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. குளிர்ந்த நீரிலோ பல வாரங்கள் ஆகும். தோலுக்கடியில் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதனை எட்டாது. நீந்தும் பருவத்தில் மட்டுமே அது நம் கைக்குள் அகப்படும்.

இந்நோய்க்கு விற்கப்படும் மருந்துகள் சிலவற்றில் தாமிர உப்பு உள்ளது. மயில்துத்தம் என்று நாம் அறிந்ததும் அவ்வகையே. நம் குருதியில் இரும்பு இருப்பது போல, இறாலின் குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோசயனினில் தாமிரமே இருக்கிறது. அவ்வாறாயின் தாமிரம் அதற்கு நல்லதன்றோ எனக் கேட்கத் தோன்றும். உணவில் கிடைக்கும் துளியளவே அதற்கு வேண்டுவது. நீரில் கரைந்த தாமிரமோ செவுள்களைத் தாக்கிக் கொன்றுவிடும். மணலிலும் கூழாங்கல்லிலும் தாமிரம் படிந்து தங்குவதால், நீரை மாற்றிய பின்னும் ஆபத்து முற்றும் நீங்குவதில்லை. ஃபார்மலின் கலந்த மருந்துகளையும் இறால் உள்ள தொட்டியில் இடலாகாது. செத்த இறால்கள் அழுகினாலோ அம்மோனியா பெருகி, நோயுற்ற மீனுக்கும் அதுவே எமனாகும்.

ஆகவே மருந்தை மீனிடம் கொண்டுவராமல், மீனை மருந்திடம் கொண்டு செல்லவேண்டும். பதினைந்து லிட்டர் நீர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும். பெரிய தொட்டியின் நீரையே அதில் நிரப்பி, காற்றுக்குழாயைப் பொருத்தி, புள்ளி உள்ள மீன், இல்லாத மீன் என்று பாராமல் எல்லா மீன்களையும் அதற்கு மாற்றவேண்டும். புள்ளியே தெரியாத மீனின் செவுளிலும் ஒட்டுண்ணி ஒளிந்திருக்கக்கூடும். மீன் இல்லாத பெரிய தொட்டியில் பிறக்கும் குஞ்சுகளோ பற்ற இடமின்றித் தாமே மடியும். அவை இறாலைப் பற்றி வாழ்வதில்லை. இறால்கள் ஒரு துளி மருந்தும் படாமல் தங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இரண்டு வாரம் விட்டுவைப்பது பாதுகாப்பானது.

சிகிச்சைத் தொட்டிக்குக் கல்லுப்பே பல வேளைகளில் போதும். லிட்டருக்கு 2 கிராம், அதாவது 15 லிட்டருக்கு 30 கிராம். அதைக் கரைத்து ஒரே நாளில் மூன்று தவணையாக ஊற்றவேண்டும். அயிரை போன்ற செதில் குறைந்த மீன்களுக்கு அளவைக் குறைப்பது நலம். நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்றி, எடுத்த நீருக்கு உரிய உப்பை மட்டும் சேர்க்கவேண்டும். நீரை 28 முதல் 30 பாகை வரை மெதுவாகச் சூடேற்றினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவுபடும். வெந்நீரில் உயிர்வளி குறைவாகையால் காற்றுக்குழாய் நிற்கக்கூடாது. புள்ளிகள் மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடரவேண்டும். இங்குதான் பலர் அவசரப்படுகின்றனர்.

மீனவர்கள் மீன்பேன் என்று அழைக்கும் ஆர்குலஸ் வேறு. அது கண்ணுக்குத் தெரியும் தட்டையான உயிர். இறாலைப் போலவே கிரஸ்டேசியா இனத்தைச் சேர்ந்தது. பேனைக் கொல்லும் மருந்து அதன் உறவினரான இறாலை விட்டுவைக்குமா? அந்நோய்க்கும் தனித்தொட்டியே தக்கது.

வலையையும் வாளியையும் இரு தொட்டிகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்தக்கூடாது. அந்த இரண்டு வாரமும் இறால்களை வேறு மீன் தொட்டிக்குக் கொடுத்தலும் ஆகாது. ஒட்டுண்ணியின் உறை அவற்றின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு போகலாம். இடையில் இறால் வடிவில் வெளிறிய கூடு ஒன்று அடியில் கிடந்தால் அஞ்சவேண்டாம். வளரும் இறால் சட்டையுரித்திருக்கிறது. அதை எடுத்தெறியாமல் விட்டால் இறால்களே தின்றுகொள்ளும்.