ஏ-9 வீதி புகட்டும் பாடம்

1995 டிசம்பரில் யாழ். நகரைக் கைப்பற்றிய படையினருக்கான விநியோகம் கடலையும் வானையுமே நம்பியிருந்தது. தரைவழி திறக்க 1997 மே 13 இல் வவுனியாவிலிருந்து ஆரம்பமான 'ஜெயசிக்குறு' இராணுவ நடவடிக்கை, பெரும் உயிரிழப்புகளின் பின்னர் 1998 டிசம்பரில் கைவிடப்பட்டது. அவ்வீதியை 2002 இல் திறந்தது போர்நிறுத்த உடன்படிக்கையே. 2006 ஆகஸ்டில் மோதல் வெடித்ததும் அது மீண்டும் மூடப்பட்டது.

1977 வன்செயல்களின் பின்னர் சப்ரகமுவ உள்ளிட்ட தோட்டப்பகுதிகளிலிருந்து வன்னி சென்று குடியேறியோர் தம் உறவுகளைப் பிரிந்திருந்தனர். 1990 இல் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் ஊர் திரும்பும் வழி அதுவே.

2009 இல் படையினர் வீதி முழுவதையும் கைப்பற்றினர். ஆயினும் அதில் அச்சமின்றிப் பயணிக்கும் உரிமையை அரசியல் இணக்கமே நிலைநிறுத்தும் என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.