பழைய பாட்டரி யாருக்குச் சோறு போடும்?

மின்சாரக் கார் வந்துவிட்டது, இனிப் புகை இல்லை, புகைச்சல் இல்லை என்று முழங்குகிறார்கள். முழங்கட்டும்! புகை கக்காத வண்டி ஓடுவதிலே நமக்கு என்ன வருத்தம்? ஆனால், அந்த வண்டியின் அடிவயிற்றிலே கிடக்கும் பாட்டரி உழைத்து ஓய்ந்தபின் எங்கே போகும், எவர் கைக்குப் போகும், அந்தக் கைக்கு என்ன கூலி கிடைக்கும் என்று கேட்டால், முழங்கிய வாய்கள் மூடிக்கொள்கின்றன. அந்தக் கேள்வியைத்தான், தோழர்களே, மணமேல்குடியை முன்வைத்துக் கேட்கிறோம்.

மணமேல்குடிக்கும் மின்சாரக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்போர் சிரிக்கட்டும். தூத்துக்குடியிலே வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்தப் பக்கத்தையும் சென்னையையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் மின்சார ஸ்கூட்டர்கள் செய்யப்படுகின்றன. வண்டி பிறப்பது அங்கே. சாவது ஊருக்கு ஊர். கட்டுமாவடி முதல் மீமிசல் வரை சாலையோரத்துக் காயலான் கடைத் தராசிலே அதன் பாட்டரி வந்து விழும் நாள் தூரத்தில் இல்லை.

பாட்டரி நமக்குப் புதிதல்ல. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கடலுக்குப் போகும் விசைப்படகிலே விளக்கெரியவும் வயர்லெஸ் பேசவும் ஈயப் பாட்டரிதான். அது ஓய்ந்தால் கடையிலே கொடுத்து, புதியதன் விலையிலே கழித்துக்கொள்கிறோம். இந்த ஒரு வழக்கம் இருப்பதாலேயே ஈயப் பாட்டரியை எவரும் குப்பையிலே எறிவதில்லை. சட்டம் சாதித்ததைவிட அந்தக் கழிவுத்தொகை சாதித்தது அதிகம் என்பது நம் கருத்து. ஆனால், திரும்பிப் போன ஈயம் எல்லாம் நல்ல வழியிலா போயிற்று? அமிலத்தை வாய்க்காலிலே ஊற்றி, கொல்லைப்புறத்திலே உலை மூட்டி ஈயம் உருக்கும் வேலை நாட்டின் பல மூலைகளிலே நடந்தது, இன்னும் நடக்கிறது. ஈயம் குழந்தையின் இரத்தத்திலே ஏறினால் மூளை வளர்ச்சி குன்றும். காசு ஒரு வீட்டுக்கு, நஞ்சு பக்கத்து வீட்டுக்கு!

லித்தியம் பாட்டரியின் கதை இன்னும் பெரிது. நடுத்தரமான கார் ஒன்றின் பாட்டரி 300 கிலோ அளவிலே கனக்கும். நிக்கல், கோபால்ட் கலந்த வகையானால், ஒரு காரின் பாட்டரிக்குள்ளே சுமார் 8 கிலோ லித்தியம், 35 கிலோ நிக்கல், 20 கிலோ மாங்கனீஸ், 14 கிலோ கோபால்ட் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலகத்துக் கோபால்டிலே பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலே வெட்டப்படுகிறது. அந்தக் குழிகளிலே சிறுவர்கள் இறக்கப்பட்ட கொடுமையை உலகம் அறியும். நமக்கு வேண்டிய லித்தியமோ கப்பலேறித்தான் வருகிறது. ஆகவே பழைய பாட்டரி என்பது தோண்டாமல் கிடைக்கும் சுரங்கம். வியாபாரிகளின் நாக்கிலே நீர் ஊறுவது இதனால்தான்.

ஆனால், தரகர்கள் சொல்லாத சேதி ஒன்று உண்டு. நம் நாட்டிலே ஓடும் மின்சாரக் கார்களிலே ஏராளமானவற்றில் இருப்பது இரும்பு–பாஸ்பேட் வகைப் பாட்டரி. அதிலே நிக்கலும் கிடையாது, கோபால்டும் கிடையாது. உருப்படியாகத் தேறுவது லித்தியமும் செம்பும் அலுமினியமுந்தான். லித்தியத்தின் விலையோ நூலறுந்த பட்டம்! 2022-ன் இறுதியிலே உச்சியில் பறந்தது. 2024-ல் அதிலே ஐந்தில் ஒரு பங்குகூட நிற்கவில்லை. கனடா நாட்டின் லை-சைக்கிள் என்னும் பெரிய மறுசுழற்சிக் கம்பெனி 2025 மே மாதத்திலே, கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றுங்கள் என்று கோர்ட்டுப் படி ஏறிற்று. "போட்ட பணம் இரட்டிப்பு" என்று எவனாவது நம் மக்களின் சேமிப்பைக் கேட்டு வந்தால், இந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், என்ன பதில் வருகிறதென்று பார்ப்போம்.

வேலை நடக்கும் விதம் இது. முதலிலே பாட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிக்க வேண்டும். கார் பாட்டரியிலே 300, 400 வோல்ட் இருக்கும். தவறித் தொட்டால் ஆள் காலி. பிறகு கழற்றிப் பிரித்து, செல்களை எந்திரத்திலே அரைத்தால், செம்புத் தகடும் அலுமினியத் தகடும் ஒதுங்கி, கருந்தூள் ஒன்று மிஞ்சும். தொழிலிலே இதை பிளாக் மாஸ் என்பார்கள். அந்தத் தூளை அமிலத்திலே கரைத்து உலோகங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். கடைசிப் படியிலேதான் கொழுத்த லாபம். தூக்குவதும் சுமப்பதும் கழற்றுவதும் முதற்படி. ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

மத்திய சர்க்கார் 2025 செப்டம்பர் 3 அன்று, அரிய கனிமங்களை மறுசுழற்சி செய்வதற்கென 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய தொழில்களுக்கு என்றார்கள். 70,000 பேருக்கு வேலை என்றார்கள். கேட்க இனிக்கிறது! அடுத்த வரியையும் படிக்க வேண்டாமா? உலோகத்தைப் பிரித்தெடுப்போருக்கே ஊக்கத்தொகை. கருந்தூளோடு நிறுத்திக்கொள்வோருக்குக் கிடையாது. அப்படியானால் அதற்கும் முந்திய படியிலே நிற்கும் சேகரிப்பவனுக்கு?

2022-ல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளைப் பாருங்கள். விற்ற பாட்டரியைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு என்கின்றன அவை. நல்ல சட்டம், ஒப்புகிறோம். பதிவுபெற்ற ஆலைக்குச் சான்றிதழ் கிடைக்கும். தயாரிப்பாளர் அதை விலை கொடுத்து வாங்குவார். சைக்கிள் கேரியரிலே பாட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தவனுக்குச் சான்றிதழும் இல்லை, சல்லியும் இல்லை. விற்கும்போது முன்பணம் பிடித்து, பாட்டரி திரும்பியதும் பணத்தைத் தரும் முறையைத் தயாரிப்பாளர் 'வைக்கலாம்' என்கிறது விதி. 'வைக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லுக்குள்ளே எத்தனை தொழிலாளியின் சோறு அடங்கியிருக்கிறது!

ஆபத்தைப் பற்றிச் சொன்னோம். தென்கொரியாவின் ஹ்வாசோங் நகரிலே, லித்தியம் பாட்டரி செய்யும் அரிசெல் ஆலையில் 2024 ஜூன் 24 அன்று தீப்பிடித்து 23 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டார். அந்த ஆலையின் தலைவருக்கு 2025 செப்டம்பரிலே கீழ்க்கோர்ட் 15 ஆண்டு சிறை விதித்தது. முதலாளியைத் தண்டித்த தீர்ப்பு நமக்கு ஆறுதல்தான், மாண்டவர்களுக்கு?

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு பாடம் அமெரிக்காவிலே இருக்கிறது. 2022 செப்டம்பரிலே புளோரிடாவைப் புயல் தாக்கியபோது உப்புநீரிலே மூழ்கிய மின்சாரக் கார்கள், தண்ணீர் வடிந்த பிறகு தீப்பற்றின. உப்புநீரும் லித்தியமும் பகை. 2018 நவம்பர் 16 விடியலிலே கஜா புயல் நம்மை என்ன செய்தது என்று எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கரையிலே, பள்ளமான இடத்திலே, பழைய பாட்டரியை மலைபோல் குவிக்க விடலாமா?

அமில ஆலை இங்கே கூடாது என்பதில் நாம் உறுதியாக இருக்கிறோம். 2020-ல் சட்டமாக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்திலே மணமேல்குடி ஒன்றியமும் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் ஒன்றியங்களும் சேர்ந்திருக்கின்றன. தாமிரம், துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலைகளுக்கு அங்கே புதிதாக இடமில்லை. பாட்டரி அமில ஆலையையும் அதே கண்கொண்டு பார்க்க வேண்டும். கடலிலோ, அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரிலே கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு மேயும் அதே கடற்புல்லிலேதான் நமக்கு மீனும் இறாலும் வளர்கின்றன.

அப்படியானால் நமக்கு என்ன வேலை? ஜப்பானிலே நமியே என்று ஒரு கடற்கரை ஊர். 2011-ல் சுனாமியும் அணு உலை விபத்தும் அடித்துக் காலியாக்கிய ஊர். அங்கே 2018 மார்ச்சிலே 4ஆர் எனர்ஜி என்ற கம்பெனி ஓர் ஆலை திறந்தது. நிஸ்ஸான் லீஃப் காரிலே இருந்து வந்த பழைய பாட்டரிகளைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். நன்றாக இருப்பது மீண்டும் காருக்கு. சுமாரானது வேறு உபயோகத்துக்கு. ரயில்வே கேட்டுகளிலேகூட அவற்றை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். காரை இழுக்கச் சக்தி குறைந்துபோன பாட்டரியிலே பெரும்பாலும் 70, 80 சதவீதக் கொள்ளளவு மிச்சமிருக்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். இரும்பு–பாஸ்பேட் வகைக்கு ஆயுள் கெட்டி. உடைத்தால் லாபம் குறைவு, மறுபடி உழைக்கவிட்டால் லாபம் அதிகம். கஜாவுக்குப் பின் கரண்ட் இல்லாமல் நாள்கணக்கிலே இருளிலே கிடந்த ஊர்களுக்கு, சூரியத் தகட்டோடு இணைத்த நாலு பழைய பாட்டரி என்ன விலை பெறும் என்று யோசியுங்கள்!

சோதிக்கக் கற்றுத்தர ஆள் வேண்டுமே என்பீர்கள். அறந்தாங்கி தாண்டினால் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி, மின்வேதியியலுக்கென்றே இருக்கும் ஆராய்ச்சி நிலையம். 2018-லேயே லித்தியம் பாட்டரி செய்யும் நுட்பத்தைத் தனியார் கம்பெனிக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. கம்பெனிக்குக் கொடுத்தவர்கள், ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சும்மா இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்தால் குறைந்தா போவார்கள்?

நாம் கேட்பது இவ்வளவே. மேட்டு நிலத்திலே, சிமெண்டுத் தளம் போட்டு, தீயணைப்பு வசதியோடு ஒரு கூட்டுறவுச் சோதனைக் கொட்டகை. அதற்கு அந்த 1,500 கோடியிலே பங்கு. விதியிலே இருக்கும் 'லாம்' 'வேண்டும்' ஆக மாற வேண்டும். பாட்டரியைக் கொண்டுவந்து தருபவனுக்குக் கையிலே ரொக்கம். 2020 ஜனவரியிலே விற்பனைக்கு வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரின் பாட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம். 2028-லிருந்து அது முடியத் தொடங்கும்.

அதுவரை, காயலான் கடை வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. லித்தியம் பாட்டரி வந்தால் உளியால் குத்தாதீர்கள், சம்மட்டியால் அடிக்காதீர்கள். ஈயப் பாட்டரியோடு சேர்த்துப் போடாதீர்கள். உப்பி இருந்தாலோ சூடு தெரிந்தாலோ கடைக்கு வெளியே, எதுவும் பற்றாத இடத்திலே தனியே வையுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். யாரிடம் வாங்கினீர்கள், எந்தக் கம்பெனிப் பாட்டரி என்று ஒரு நோட்டிலே குறித்து வையுங்கள். தயாரிப்பாளர் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறதல்லவா? நாளை பேச உட்காரும்போது அந்த நோட்டு நம் கையிலே இருக்கட்டும்.